பீங்கானும் மின்வில்லும்: விருத்தாசலம் வழியாக ஒரு தொழில் வரலாறு

கடலூர் மாவட்டத்தின் மேற்கில், மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், பக்தி இலக்கியத்தில் திருமுதுகுன்றம் என்ற பெயரால் போற்றப்பட்ட தலமாகவும், விழுப்புரம்–திருச்சி நேர்வழித் தடத்திலிருந்து கடலூருக்கும் சேலத்துக்கும் கிளை பிரியும் ரயில் சந்திப்பாகவும் நெடுநாள் அறியப்பட்ட ஊராகும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதற்கு மூன்றாவது அடையாளமாகச் செராமிக் தொழில் வந்து சேர்ந்தது. பொம்மைகளுக்காகவும் அகல் விளக்குகளுக்காகவும் இன்று பேசப்படும் இவ்வூரின் சூளைகள், மின்கம்பங்களுக்கும் மின்பலகைகளுக்கும் வேண்டிய பீங்கான் பாகங்களையும் சுட்டுத் தந்தவை என்பது வெளியே அவ்வளவாகத் தெரியாத செய்தி. வெல்டிங் எந்திரம் தமிழ்நாட்டின் சிற்றூர்ப் பட்டறைகளுக்குள் நுழைந்த வரலாறும், அதைப் பாதுகாப்பாக இயக்கும் முறைகள் உருவான வரலாறும் இந்தப் பீங்கான் இல்லாமல் முழுமையடைவதில்லை.

இவ்வட்டாரத்தின் நிலமே இத்தொழிலுக்கு அடிப்படை. கடலூர் மணற்கல் என்று நிலவியலார் குறிப்பிடும் படிவுகள் இங்கே பரந்து கிடக்கின்றன. அவற்றின் அடுக்குகளுக்கு இடையே வெண்ணிறக் களிமண்ணும், நெய்வேலிப் பக்கத்தில் மேலும் ஆழத்தில் பழுப்பு நிலக்கரியும் உள்ளன. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளே நெய்வேலிச் சுரங்கத்துக்கு முதல் தடயமாக அமைந்தது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டு, 1957 மே மாதத்தில் பிரதமர் நேருவால் சுரங்கப்பணி தொடங்கி வைக்கப்பட்டு, 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. நிலக்கரியை அடைய மேலே கிடந்த மண்ணை மலைமலையாக அகற்ற வேண்டியிருந்ததால், அதனோடு சேர்ந்து வந்த வெள்ளைக் களிமண்ணைப் பிரித்துக் கழுவிப் பயன்படுத்தும் வாய்ப்பும் தோன்றியது. மணலும் இரும்புக் கறையும் நீங்கும்படி நீரில் கரைத்து வடித்தெடுத்த அந்தக் களிமண்தான் பீங்கானுக்கு உரிய மூலப்பொருள்.

இந்த வட்டாரத்துக்கு மண்வேலை புதிதல்ல. ஊர் எல்லைகளில் நிற்கும் அய்யனார் குதிரைகளைச் சுட்ட குயவர் மரபு இங்கே பழமையானது. ஆனால் சுடுமண் பொதுவாக ஆயிரம் டிகிரி செல்சியசுக்குக் கீழேயே வெந்துவிடும். அதன் உடலில் நுண்துளைகள் எஞ்சி நீரை உறிஞ்சும். பானைத் தண்ணீர் குளிர்வதற்குக் காரணமான அந்தத் துளைகளே மின்சாரத்துக்கு வழிவிடும் குறையாகவும் ஆகின்றன, ஏனெனில் ஈரம் புகும் இடமெல்லாம் மின்சாரமும் கசியும். பீங்கான் என்பது களிமண்ணோடு ஃபெல்ஸ்பார் என்ற கனிமமும், நாட்டுப்புறத்தில் வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்சும் கலந்து, ஏறத்தாழ 1,250 முதல் 1,300 டிகிரி வரை சுடப்படும் பொருள். அந்த வெப்பத்தில் ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகித் துளைகளை நிரப்புகிறது. குவார்ட்ஸ் எலும்புக்கூடாக நின்று உருவம் சரியாமல் காக்கிறது. களிமண் வடிவத்தைத் தருகிறது. எடையில் ஏறத்தாழப் பாதி களிமண்ணும், கால் பங்கு வீதம் மற்ற இரண்டும் சேர்வது மின்பீங்கானின் பழைய வாய்பாடு.

இத்தகைய வெப்பத்தைத் தரும் சூளையைத் தனியொரு சிறு முதலாளி கட்டுவது எளிதன்று. அரைப்பு எந்திரம், வடிகட்டி அழுத்தும் எந்திரம், சூளை, ஆய்வகம் ஆகிய அனைத்தையும் ஒருவரே வைத்துக்கொள்ள முடியாத நிலையில், மாநில அரசின் தொழில் வணிகத் துறை விருத்தாசலத்தில் செராமிக் சேவை மையத்தை அமைத்து, பதப்படுத்திய மண்ணைச் சிறு கூடங்களுக்கு விற்பதும், அங்கே உருவான, இன்னும் சுடாத பொருட்களைப் பொதுச் சூளையில் சுட்டுக் கொடுப்பதுமான ஏற்பாட்டைச் செய்தது. அதனோடு செராமிக் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் அரசுக் கல்வி நிறுவனமும் இவ்வூரில் நிலைபெற்றது. இந்த இரண்டு அமைப்புகள் இல்லாதிருந்தால் நெய்வேலியின் வெள்ளை மண் வேறு ஊர்களுக்கு மூட்டையாகப் போயிருக்குமேயன்றி, விருத்தாசலம் செராமிக் நகரம் ஆகியிராது என்று துணிந்து சொல்லலாம்.

சூளைகளுக்கு வேலை கொடுத்தது மின்சாரம். சென்னை மாகாணத்தில் 1932இல் பைகாராவும், 1937இல் மேட்டூரும், 1944இல் பாபநாசமும் நீர்மின்சாரம் தரத் தொடங்கின. 1957 ஜூலையில் மின்சார வாரியம் உருவானது. காமராசர் ஆட்சிக் காலத்தில் கிராமங்களுக்கு மின்கம்பி நீண்டு, கிணற்றடியில் மோட்டார் கொட்டகைகள் எழுந்தன. ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் குறைந்தது ஒரு ஃபியூஸ் கட்டையும், மும்முனை மோட்டாருக்கு மூன்று கட்டைகளும், ஒவ்வொரு கம்பத்துக்கும் இன்சுலேட்டர்களும் தேவைப்பட்டன. உயர் அழுத்தக் கம்பிகளுக்குரிய பெரிய இன்சுலேட்டர்களை, பக்கத்தில் உள்ள வடலூரில் சேஷசாயி நிறுவனம் போன்ற பெரிய ஆலைகள் செய்தன. விருத்தாசலத்தின் சிறு கூடங்களுக்குத் தாழ்வழுத்தப் பொருட்கள் கைவந்த வேலையாயின. கடைக்காரர்களும் மின்பணியாளர்களும் கிட்கேட் என்று அழைக்கும் பீங்கான் ஃபியூஸ் அவற்றில் முக்கியமானது.

கிட்கேட் இரண்டு துண்டுகளால் ஆனது. பலகையில் திருகாணியால் பொருத்தப்படும் அடிப்பகுதியில் இரண்டு பித்தளைத் தொடுமுனைகள் இருக்கும். கையால் இழுத்தெடுக்கக்கூடிய கேரியரின் இரு முனைகளுக்கும் இடையே மெல்லிய கம்பி கட்டப்படும். கட்டணம் செலுத்தாத வீட்டில் வாரியத்தார் வந்து பிடுங்கிச் செல்வது இந்தக் கேரியரைத்தான். இதைச் செய்யும் முறை பார்ப்பதற்கு எளிது, பழகுவதற்குக் கடினம். சற்றே ஈரமும் எண்ணெயும் கலந்த மண்தூளை எஃகு அச்சில் அள்ளிப் போட்டு, திருகு அழுத்தியின் கைப்பிடியைச் சுழற்றி இறக்கினால் கட்டை உருப்பெற்று வெளிவரும்; ஓரங்களில் நிற்கும் பிசிறை மெல்லிய தகட்டால் சீவி, உலர்த்தி, மெருகுக் கரைசலில் தோய்த்து, தட்டோடு ஒட்டிக்கொள்ளாதபடி அடிப்பகுதியின் மெருகைத் துடைத்துவிட்டுச் சூளைக்குள் அடுக்குவார்கள். மண் உலரும்போதும் வேகும்போதும் சுருங்குவதால், சுட்ட பிறகு பித்தளைத் தொடுமுனைகளின் துளைகள் சரியாகப் பொருந்தும் வகையில் அச்சை முன்கூட்டியே பெரிதாக வெட்ட வேண்டும். துளை அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கேரியர் தளர்வாக உட்காரும். தளர்ந்த தொடுமுனை சூடேறும். சூடேறிய பித்தளை கறுத்து மேலும் தளரும். பீங்கானின் தரத்தைச் சோதிக்க, உடைத்த துண்டுகளைச் செந்நிறச் சாயக் கரைசலில் அழுத்தத்தோடு ஊறவைத்து, மறுபடியும் உடைத்துப் பார்க்கும் வழக்கம் இன்சுலேட்டர் ஆலைகளில் உண்டு. சாயம் உள்ளே ஓடியிருந்தால் அந்தச் சூட்டில் வெந்த சரக்கு முழுவதும் ஐயத்துக்குரியதாகும்.

ஃபியூசுக்குப் பீங்கான் ஏன் வேண்டும் என்பதற்கான விடையே வெல்டிங் வரலாற்றுக்குள் அழைத்துச் செல்கிறது. மிகையான மின்னோட்டம் பாயும்போது ஃபியூஸ் கம்பி உருகி அறும்; அறுந்த இரு முனைகளுக்கும் இடையே ஒரு கணம் மின்வில் எழும். மின்வில் என்பது காற்றே மின்கடத்தியாக மாறி, பல ஆயிரம் டிகிரி வெப்பத்தோடு ஒளிரும் நிலை. மரப்பலகையாயின் அந்த வெப்பத்தில் தீப்பற்றும். பேக்கலைட்டாயின் கருகி, கருகிய தடமே மின்சாரத்துக்குப் பாதையாகும். பீங்கான் எரிவதுமில்லை, கரியாவதுமில்லை. ஆகவே ஃபியூஸ் கட்டைக்குள் நிகழ்வதும் வெல்டிங் ராடின் நுனியில் நிகழ்வதும் ஒரே இயற்பியல் நிகழ்ச்சி. முன்னதில் மின்வில்லை உடனே அணைக்க வேண்டும், பின்னதில் அணையாமல் காக்க வேண்டும். வியப்பு என்னவெனில், இரண்டுக்கும் மனிதன் துணைக்கு அழைத்தது களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற அதே கனிமங்களைத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹம்ஃப்ரி டேவி கரித்துண்டுகளுக்கு இடையே மின்வில்லை எழுப்பிக் காட்டியபோதிலும், அதைக் கொண்டு உலோகத்தை இணைக்கும் முறை ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த நிக்கோலாய் பெனார்தோசிடமிருந்து 1880களில்தான் வந்தது; அவர் கரிமுனையைப் பயன்படுத்தினார். 1888இல் நிக்கோலாய் ஸ்லாவியானோவ் கரிமுனைக்கு மாற்றாக, தானே உருகிச் சேரும் உலோகக் கம்பியை மின்முனையாக்கினார். ஆனால் வெறுங்கம்பியால் செய்த இணைப்பு நொறுங்கும் தன்மையுடையதாக இருந்தது. உருகிய எஃகு காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக் கெட்டுவிடுவதே அதற்குக் காரணம். கப்பல் கொதிகலன்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இக்குறையோடு போராடிய சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஆஸ்கார் செல்பெரி, 1904இல் எசாப் நிறுவனத்தைத் தொடங்கி, கம்பியின்மேல் கனிமப் பூச்சைத் தடவும் முறையை உருவாக்கினார். பூச்சு உருகி உலோகத்தின்மேல் கசடாகப் படர்ந்து காற்றைத் தடுத்தது. எரிந்து வெளியேறிய வாயு மின்வில்லைச் சூழ்ந்து காத்தது. 1920இல் பிரிட்டனில் ஃபுல்லகர் என்ற கப்பல், தறையாணிகளே இல்லாமல் முழுதும் வெல்டிங் செய்யப்பட்டுக் கடலில் இறங்கியது இத்தகைய பூச்சு முறைகளின் வெற்றி என்றே சொல்ல வேண்டும்.

அந்தப் பூச்சின் சேர்மானத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு செராமிக் கூடத்தின் சரக்கறைக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். இந்தியப் பட்டறைகளில் மிகுதியாகப் புழங்கும் ரூட்டைல் வகை ராடின், அதாவது மின்முனைக் கம்பியின், பூச்சில் டைட்டானியம் ஆக்சைடான ரூட்டைலோடு வெண்களிமண், ஃபெல்ஸ்பார், மைக்கா, குவார்ட்ஸ் ஆகியவையும், அவற்றைப் பிணைக்கும் பசையாகச் சோடியம் அல்லது பொட்டாசியம் சிலிக்கேட்டும் இடம்பெறுகின்றன. ரூட்டைல், கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் கேரளத்தின் சவராவிலும் பிரித்தெடுக்கப்படுகிறது. இந்தக் கனிமங்களுள் பொட்டாசியம் செய்யும் வேலை தனித்துப் பேசத் தக்கது. மாறுமின்னோட்டம் நொடிக்கு ஐம்பது சுழற்சிகள் உடையது என்றால், அது நொடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொடுகிறது; அதாவது மின்வில் நொடிக்கு நூறு முறை அணைந்து மீண்டும் பற்ற வேண்டும். எளிதில் அயனியாகும் பொட்டாசியம் பூச்சில் இருப்பதால்தான் அது ஒவ்வொரு முறையும் தடையின்றிப் பற்றிக்கொள்கிறது. பூச்சில்லாத கம்பிக்கு நேர்மின்னோட்டம் தரும் ஜெனரேட்டர் செட் வேண்டியிருந்தது. பூச்சு மேம்பட்ட பிறகு, சுழலும் பாகமே இல்லாத சாதாரண மின்மாற்றி போதுமானதாயிற்று. சிற்றூர்ப் பட்டறைக்காரர் வாங்கத்தக்க விலையில் வெல்டிங் செட் கிடைத்ததற்கு எந்திரத்தைவிட ராடின் மேலுள்ள மண்ணே பெரிய காரணம்.

இந்தியாவில் 1935இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்தியன் ஆக்சிஜன் அண்டு அசிட்டிலீன் நிறுவனம் வாயு வெல்டிங்குக்கு வழி திறந்தது. 1951இல் பம்பாயில் அட்வானி–ஓர்லிகான் கூட்டு நிறுவனம் தொடங்கி ராடுகளையும் எந்திரங்களையும் உள்நாட்டிலேயே உருவாக்கியது. தமிழ்நாட்டில் இக்கலைக்குப் பல்கலைக்கழகம்போல் ஆனது திருச்சி. அங்கு 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலையின் வேலை ஏறக்குறைய முழுவதும் வெல்டிங்கையே நம்பியது. 1975இல் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட உதவியோடு அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அதே பெல் நிறுவனம் மைசூர் அரசு பெங்களூரில் தொடங்கியிருந்த பீங்கான் ஆலையை 1976இல் ஏற்று இன்சுலேட்டர்கள் செய்ததும் நினைக்கத் தக்கது. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இக்கலையின் கடுமையான களம் நெய்வேலிச் சுரங்கம். கடலூர் மணற்கல் அரிக்கும் இயல்புடைய கடினப் பாறை. பெரும் வாளிச் சக்கர எந்திரங்களின் எஃகுப் பற்கள் அதைக் கடித்துத் தேய்ந்து மழுங்கும். தேய்ந்த பல்லின்மேல் குரோமியம் மிகுந்த உலோகத்தை வெல்டிங் மூலம் படியவைத்துக் கடினமாக்கும் பணி சுரங்கம் தொடங்கிய காலம் முதல் நடைபெறுகிறது.

இனி எந்திரத்தைக் காணலாம். சிற்றூர்ப் பட்டறைகளில் ஒரு தலைமுறைக் காலம் ஆட்சி செய்தது, எண்ணெயாலோ காற்றாலோ குளிர்விக்கப்படும் மின்மாற்றிச் செட். மும்முனை இணைப்பின் இரண்டு முனைகளிலிருந்து 415 வோல்ட்டைப் பெற்று, வெளிச்சுற்றில் 70 முதல் 80 வோல்ட்டாகக் குறைத்துத் தருவது அதன் வேலை. ராடு வேலைப்பொருளைத் தொடாத நிலையில் இருக்கும் இந்த அழுத்தத்தைத் திறந்த சுற்று அழுத்தம் என்பர்; மின்வில் எழுந்தபின் அது 20 முதல் 30 வோல்ட் வரை இறங்கிவிடும். மின்னழுத்தம் குறைந்து மின்னோட்டம் கூடுவதே இங்கே தேவை, ஏனெனில் உலோகத்தை உருக்குவது நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓட்டமாகும்.

கைச்சக்கரமே இந்தச் செட்டின் முதன்மையான கட்டுப்பாடு. அதைச் சுழற்றும்போது முதன்மைச் சுருளுக்கும் துணைச் சுருளுக்கும் இடையே ஓர் இரும்புக் கட்டை உள்ளே போகவோ வெளியே வரவோ செய்யும். கட்டை உள்ளே போகப் போகக் காந்தப்புலத்தின் ஒரு பகுதி துணைச் சுருளைச் சேராமல் விலகிச் செல்வதால் ஆம்பியர் குறையும், வெளியே வர வரக் கூடும். கட்டையோடு இணைந்த முள், பெட்டியின் முகப்பில் உள்ள அளவுகோலில் ஆம்பியரைக் காட்டும். அதற்கு முந்திய மலிவான செட்களில் சக்கரம் இல்லை. வரிசையாக உள்ள துளைகளில் பிளக்கை மாற்றிச் செருக வேண்டும். மின்னோட்டம் பாயும்போதே பிளக்கை உருவினால் துளையின் வாயிலேயே மின்வில் எழுந்து பித்தளை கரிந்துவிடும் என்பதால், வேலையை நிறுத்திய பிறகே மாற்ற வேண்டும் என்ற விதி அக்காலத்தில் ஏற்பட்டது. ராடின் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு நாற்பது ஆம்பியர் என்பது பழைய கணக்கு. பட்டறையில் பன்னிரண்டாம் நம்பர் எனப்படும் 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 60 முதல் 90, பத்தாம் நம்பர் எனப்படும் 3.15 மில்லிமீட்டர் ராடுக்கு 100 முதல் 130, எட்டாம் நம்பர் எனப்படும் 4 மில்லிமீட்டர் ராடுக்கு 140 முதல் 180 ஆம்பியர் என்பது நடைமுறை. தேர்ந்த வெல்டர் அளவுகோலைவிடக் காதையே நம்புவார்: ஓட்டம் சரியாக இருந்தால் காய்ந்த எண்ணெயில் வடகம் பொரிவதுபோன்ற சீரான ஓசை எழும், குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும், மிகுந்தால் ராடே சிவந்து பூச்சு உதிரும்.

எந்திரத்தின் பெயர்த்தகட்டில் உள்ள இன்னொரு எண்ணைப் பட்டறைகள் பெரும்பாலும் படிப்பதில்லை. 200 ஆம்பியர், 60 விழுக்காடு என்று பொறித்திருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் மட்டுமே அந்த ஓட்டத்தில் மின்வில் எரியலாம், எஞ்சிய நான்கு நிமிடம் செட் ஆற வேண்டும் என்பது பொருள். சுருளில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுவதால், ஓய்வே இல்லாமல் ஓட்ட வேண்டுமானால் அதே செட்டை ஏறத்தாழ 155 ஆம்பியருக்குக் குறைத்து வைக்க வேண்டும். செட்கள் எரிந்துபோகும் நிகழ்ச்சிகளில் பெரும்பங்கு இந்த எண்ணை மீறியதால் வருவதே.

பாதுகாப்பைப் பொறுத்தவரை எந்திரத்துக்கு இரண்டு பக்கங்கள் உண்டு, இரண்டின் ஆபத்தும் வேறு வேறு. உள்வரும் பக்கத்தில் 415 வோல்ட் இருப்பதால், பெட்டியின் உலோக உடலைத் தனி எர்த் கம்பி மூலம், கரியும் உப்பும் இட்ட குழியில் புதைத்த குழாயோடோ தகட்டோடோ இணைத்தாக வேண்டும். வேலைப்பொருளில் மாட்டும் கிளாம்ப்பையும் தொழிலாளர்கள் எர்த் என்றே அழைப்பதால், அந்தக் கிளாம்ப் இருக்கிறதே என்று உண்மையான எர்த் கம்பியை விட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் புகுந்தது. கிளாம்ப் வெல்டிங் மின்னோட்டம் திரும்பும் பாதையே தவிர, உடலைக் காக்கும் எர்த் ஆகாது. அதை வேலைப்பொருளிலேயே, பற்றுவைக்கும் இடத்துக்கு அருகில், துருவும் பெயின்டும் சுரண்டிய பரப்பில் மாட்ட வேண்டும்; கட்டடத்தின் கம்பியிலோ தண்ணீர்க் குழாயிலோ மாட்டினால் மின்னோட்டம் தான் விரும்பிய வழியில் திரும்பி, வழியிலுள்ள பேரிங்குகளையும் எர்த் கம்பிகளையும் எரித்துவிடும்.

வெளிச்சுற்றுப் பக்கத்தின் 80 வோல்ட் பார்வைக்குச் சிறியது. ஆனால் வியர்வையிலும் மழையிலும் நனைந்த உடலின் மின்தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும்போது, அதே 80 வோல்ட் உடலின் வழியே 80 மில்லி ஆம்பியரைச் செலுத்தும். இதயத் துடிப்பைக் குலைக்க அது போதும். உலகத் தர விதிகள் மாறுமின்னோட்டச் செட்டின் திறந்த சுற்று அழுத்தத்துக்குச் சாதாரண இடங்களில் 80 வோல்ட்டும், ஈரமும் நெருக்கமும் மிகுந்த இடங்களில் 48 வோல்ட்டும் எல்லையாக வகுத்தது இதனால்தான். கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் நவீன சுவிட்சு உள்வரும் பக்கத்தில் இருந்தாலும், மின்மாற்றி இரண்டு சுற்றுகளையும் பிரித்துவிடுவதால், வெளிச்சுற்றில் தாக்குண்டவரை அந்தச் சுவிட்சு அறியாது. அங்கே உயிரைக் காப்பவை உலர்ந்த தோல் கையுறை, ராடைப் பற்றும் உடையாத ஹோல்டர், காலடியில் உலர்ந்த பலகை, வேலை முடிந்ததும் ராடை ஹோல்டரிலிருந்து கழற்றிவிட்டு மெயினை அணைக்கும் பழக்கம் ஆகியவை மட்டுமே. கண்ணைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும்: மின்வில்லின் புறஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுடும், எரிச்சலோ உடனே தெரியாமல், பல மணி நேரம் கழித்து நள்ளிரவில் மணல் விழுந்ததுபோல் வெளிப்படும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 35ஆம் பிரிவில் கண் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. 1968இல் வெளியான ஐஎஸ் 818 தரநூல் வெல்டிங் பாதுகாப்பு முறைகளைத் தொகுத்தது. துத்தநாகம் பூசிய குழாயைத் திறந்த வெளியில், காற்று வரும் பக்கம் நின்று பற்றுவைப்பதும் அவசியம். மூடிய அறையில் அந்தப் புகையை இழுத்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரலாம்.

விருத்தாசலத்தின் பீங்கான் இங்கேதான் பட்டறைக்குள் வந்து நிற்கிறது. 200 ஆம்பியர் செட் ஒன்றின் உள்வரும் பக்கத்தில், 80 வோல்ட்டை 200 ஆம்பியரால் பெருக்கி 415 ஆல் வகுத்தால், ஏறத்தாழ 39 ஆம்பியர் பாயும். ராடைத் தொட்டு மின்வில்லை எழுப்பும் ஒவ்வொரு முறையும் அது கணநேரத்துக்கு மேலும் எகிறும். இந்த எகிறலால் கம்பி அடிக்கடி உருகுவதைப் பொறுக்காத பட்டறைக்காரர், கேபிளின் தாமிர இழைகளை இரண்டு மூன்றாக முறுக்கிக் கேரியரில் கட்டிவிடுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் பிரீஸ் கண்டறிந்த விதிப்படி, உருகும் மின்னோட்டம் கம்பி விட்டத்தின் ஒன்றரை மடியாகப் பெருகும்: ஒரு மில்லிமீட்டர் தாமிரக் கம்பி சுமார் 80 ஆம்பியரில் உருகும் என்றால், இரண்டு மில்லிமீட்டர் கம்பிக்கு 225 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அவ்வளவு ஓட்டம் பாய்வதற்கு முன்பே சுவரிலுள்ள கேபிள் எரிந்துவிடும். 650 வோல்ட் வரையிலான கிட்கேட் கட்டைகளுக்கென்று ஐஎஸ் 2086 என்ற இந்தியத் தரநூல் உண்டு. சூளைக்காரர் அதை மதித்துக் கட்டையைச் சுட்டாலும், அதற்குள் கட்டப்படும் கம்பியை எந்தச் சூளையும் சரிசெய்ய முடியாது. வெல்டிங் பட்டறைத் தீவிபத்துகளில் பீங்கான் முழுதாக நிற்க, பலகையும் கேபிளும் கரியாகிக் கிடக்கும் காட்சியின் காரணம் இதுவே.

இருபத்தொன்றாம் நூற்றாண்டில் இரண்டு மாற்றங்கள் ஒருசேர வந்தன. மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் சுழற்சிகளாக மாற்றி, சிறிய மின்மாற்றியைக் கொண்டே வேலையை முடிக்கும் இன்வெர்ட்டர் செட், நூறு கிலோ எடையுள்ள பெட்டியைத் தோளில் தொங்கும் பையளவுக்குச் சுருக்கிவிட்டது. கைச்சக்கரம் இருந்த இடத்தில் ஒரு குமிழ் வந்தது. ராடு ஒட்டிக்கொண்டால் மின்னோட்டத்தைத் தானே குறைக்கும் வசதியும் சேர்ந்தது. பலகையில் கிட்கேட் இருந்த இடத்தை, மின்னோட்டம் மிகுந்தால் தானே விழுந்து துண்டிக்கும் எம்சிபி சுவிட்சு பிடித்தது. எம்சிபியில் தாமிர இழையை முறுக்கிக் கட்ட வழியில்லை என்பது பெரிய நன்மை. எனினும் அடிக்கடி விழுகிறது என்று அதைவிடப் பெரிய அளவு எம்சிபியை வாங்கி மாட்டும் வழக்கம், பழைய தவறின் தொடர்ச்சியே. தாழ்வழுத்தப் பீங்கானுக்குத் தேவை குறைந்தபோது விருத்தாசலத்தின் பல கூடங்கள் பொம்மைக்கும் அகல் விளக்குக்கும் திரும்பின. மின்பாகங்களில் அவர்கள் பெற்ற துல்லியம் பொம்மையின் விலையில் ஒருபோதும் கணக்கில் வருவதில்லை என்பது இத்தொழிலுக்கு நேர்ந்த இழப்பு.

ஆயினும் கடலூர், கள்ளக்குறிச்சி, அரியலூர் மாவட்டங்களின் மோட்டார் கொட்டகைகளிலும் பழைய பட்டறைகளிலும் கிட்கேட் இன்றும் ஆயிரக்கணக்கில் மாட்டியிருக்கிறது. வெல்டிங் கற்க வரும் இளைஞருக்கு ஹோல்டரைக் கொடுப்பதற்கு முன்பு, மெயினை அணைத்து, அந்தக் கேரியரை உருவி, உள்ளே கட்டியிருக்கும் கம்பியின் பருமனை அளந்து காட்டுவதை முதல் பாடமாகத் தொழிற்பயிற்சி நிலையங்களும் பட்டறை உரிமையாளர்களும் வைத்துக்கொள்ள வேண்டும்.